பச்சை நிறத்தாளின் கருப்பு: காலண்டர் மீனாட்சியை எப்படிப் பார்ப்பது?

(பரவையில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கையில் ஒரு காலண்டர் அட்டையோடு வந்திருக்கிறேன். தினசரித் தாள்களை எல்லாம் கிழித்து முடித்த பிறகு மிச்சம் நிற்கும் அட்டை. எங்கள் வீட்டில் ஆண்டு முடிந்தாலும் இதைத் தூக்கிப் போடமாட்டார்கள். சாமிப் படமாயிற்றே! கீழே அச்சடித்திருந்த மளிகைக் கடைப் பெயரைக் கத்தரியால் வெட்டிவிட்டு, மேல்பகுதியை அம்மா சுவரில் ஒட்டிவிடுவார். இது மீனாட்சி திருக்கல்யாணம். மதுரைக்காரர்கள் யாருக்கும் இந்தப் படத்தை விளக்கத் தேவையில்லை. நடுவில் பச்சை நிறத்தில் தலைகுனிந்து நிற்கிறாள் மீனாட்சி. ஒரு பக்கம் சிவன், மறுபக்கம் தங்கையின் கையைப் பிடித்துக் கொடுக்கும் திருமால். உங்களில் பலருடைய வீட்டுக் கல்யாணப் பத்திரிகையின் முகப்பிலும் இதுதான் இருந்திருக்கும்.

நான் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சில வருடங்களாக அச்சுப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "சாமி படத்துல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு?" என்று கேட்காத ஆள் இல்லை. இந்தப் படத்தில் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அது இந்தப் பச்சை. இந்தப் பெண் ஏன் பச்சையாக இருக்கிறாள்? அந்தப் பச்சைக்கு அடியில் யார் இருக்கிறார்கள்?

இந்தக் கேள்வி எனக்குப் பல்கலைக்கழகத்தில் வரவில்லை, ஏழாம் வகுப்பில் வந்தது. பள்ளி ஆண்டுவிழாவுக்கு மீனாட்சி கல்யாண நாடகம் போட்டார்கள். வசனத்தை எல்லோருக்கும் முன்னால் மனப்பாடம் செய்து ஒப்பித்தவள் நான். தடாதகை திக்விஜயம் போகும் வசனத்தை இப்போது கேட்டாலும் சொல்வேன். ஆனால் வேடம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆசிரியர் கோபமாகச் சொல்லவில்லை, பிரியமாகத்தான் சொன்னார். "உனக்குப் பூசினா பச்சை தெரியாதும்மா. எடுபடாது." வகுப்பிலேயே வெளுத்த நிறமுள்ள பெண்ணைக் கூப்பிட்டு, அவள் முகத்தில், கழுத்தில், கையில் எல்லாம் பச்சை அரிதாரம் பூசினார்கள். தடாதகையிடம் தோற்று ஓடும் படையில் ஒருத்தியாக நான் நின்றேன். எங்களுக்கு அரிதாரம் தேவைப்படவில்லை.

அன்றைக்கு அழுதேன். ஆனால் அழுகையைவிடக் குழப்பம்தான் அதிகம். மீனாட்சி வெள்ளை இல்லையே, அப்புறம் ஏன் அவளாக நிற்க வெள்ளையான பெண் வேண்டும்? இந்தக் குழப்பத்திற்கு ஒழுங்கான பதில் தேடித்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

முதலில் படத்தைப் பார்ப்போம். ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து இந்த அட்டையின் மேல் வையுங்கள். பச்சை காணாமல் போய்விடும். ஆஃப்செட் அச்சில் நான்கு மைகள்தான். சயான் என்று அச்சகத்தில் சொல்லும் நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்பு. பச்சை மை என்று தனியாக ஒன்று அங்கே ஓடுவதில்லை. மஞ்சள் புள்ளிகளுக்கு மேலும் பக்கத்திலும் நீலப் புள்ளிகள் விழுகின்றன, நம் கண் அதைப் பச்சையாகச் சேர்த்துக்கொள்கிறது. இப்போது முகத்தைப் பாருங்கள். நெற்றி, மூக்குத்தண்டு, கன்னம், மோவாய் எல்லாம் மினுக்குகின்றன அல்லவா? அந்த இடங்களில் புள்ளிகள் குறைந்து தாளின் வெள்ளை தெரிகிறது. உதடு சிவப்பு, கன்னத்தில் லேசாக ரோஜாச் சாயல்.

ஒரு கருத்த பெண்ணின் முகத்தில் வெளிச்சம் இப்படி விழாது. வெயிலில் நிற்கும் உங்கள் அம்மாவின் முகத்தைப் பாருங்கள், வெளிச்சம் படும் இடத்தில் செம்பு மினுங்கும், சில நேரம் நீலம்கூடத் தெரியும். இந்தப் படத்தில் இருப்பது வெள்ளைத் தோலுக்கான வெளிச்சம். இதே காலண்டர் வரிசையில் வரும் லட்சுமியின் முகத்தையும் சரஸ்வதியின் முகத்தையும் இதன் பக்கத்தில் வையுங்கள். அதே கண், அதே மூக்கு, அதே கன்னம். நிறத்தை மட்டும் மாற்றினால் மூவரும் ஒருத்தியே. அதாவது என் ஆசிரியர் செய்ததைத்தான் ஓவியரும் செய்திருக்கிறார். வெளுத்த ஒருத்தியைக் கூப்பிட்டுப் பச்சை பூசியிருக்கிறார்.

சரி, பச்சைக்கு இங்கே சொல்லப்படும் அர்த்தம் என்ன? கோயிலில் கேட்டால் மரகதம் என்பார்கள். அவள் மரகதவல்லி, சிலையே மரகதக் கல் என்பது நம்பிக்கை. வயற்காட்டில் கேட்டால் வளம் என்பார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குகிறார் என்று லட்சக்கணக்கானவர்கள் காத்துக் கிடப்பது எதற்காக? பச்சைப் பட்டு என்றால் நாடு செழிக்கும், சிவப்பு என்றால் கேடு வரும். இது நல்ல வாசிப்பு, நான் மறுக்கவில்லை. மழையை நம்பிப் பிழைக்கும் மக்கள் பச்சையைக் கும்பிடுவது இயல்பானது. தொண்டை மண்டலத்துக் கிராமங்களில் பச்சையம்மன் உட்கார்ந்திருப்பதும் இதே நம்பிக்கையில்தான்.

ஆனால் மூன்றாவதாக ஒரு அர்த்தம் இருக்கிறது. அதை யாரும் காலண்டரில் அச்சடிப்பதில்லை. சாக்த வழிபாட்டு மரபில் மதுரை மீனாட்சிக்கு இன்னொரு பெயர் சியாமளா, ராஜமாதங்கி. மந்திரிணி என்றும் சொல்வார்கள். சியாமளா என்றால் கருநிறத்தாள். சமஸ்கிருதத்தில் சியாம என்ற சொல் கருப்பையும் கரும்பச்சையையும் சேர்த்தே குறிக்கும். தமிழிலும் கருநிறத்துத் திருமாலைப் பச்சை நிறத்தவனாகப் பாடும் மரபு உண்டு. ஆக, கருப்புக்கும் பச்சைக்கும் நடுவில் இருந்த கோடு பழைய காலத்தில் இவ்வளவு கறாராக இல்லை. கருத்த உடலைச் சொல்லும் சொற்களில் ஒன்றாகவே பச்சை இருந்திருக்கிறது.

அடுத்து மாதங்கி. மதங்க முனிவரின் மகள் என்று புராணக்காரர்கள் விளக்கம் தருவார்கள். ஆனால் பழைய பௌத்த நூல்களில் மாதங்கர் என்றால் சண்டாளர், தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்டவர்கள். புத்தரின் சீடர் ஆனந்தர் தாகத்தோடு கிணற்றடியில் ஒரு பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். நான் மாதங்கப் பெண், நீங்கள் என் கையில் தண்ணீர் குடிக்கலாமா என்று அவள் தயங்குகிறாள். நான் தண்ணீர்தான் கேட்டேன், சாதியைக் கேட்கவில்லை என்கிறார் அவர். இந்தக் கதையைத்தான் குமாரன் ஆசான் 1922இல் 'சண்டாளபிக்ஷுகி' என்ற காவியமாக எழுதினார். தாகூர் 1933இல் 'சண்டாளிகா' என்ற நாடகமாக எழுதினார். தாந்திரிக மரபிலும் மாதங்கிக்கு உச்சிட்ட சண்டாளினி என்ற பெயர் இருக்கிறது. எச்சில் சோறு படைக்கப்படும் சண்டாளப் பெண்தெய்வம். அவளுடைய நிறம் பச்சை, அவளோடு இருப்பது கிளி. மீனாட்சியின் கையிலும் கிளி.

இதை வைத்துக்கொண்டு "மீனாட்சி ஆதியில் எங்கள் சாதிப் பெண்" என்று கொடி பிடிக்க நான் வரவில்லை. அப்படி நிரூபிக்க முடியாது, அது நமக்குத் தேவையும் இல்லை. "பாருங்கள், எங்கள் மதம் சண்டாளப் பெண்ணையே தெய்வமாக்கியது" என்று இன்னொரு கூட்டம் கிளம்பும். அதற்கும் நான் உதவ மாட்டேன். பெயரைத் தெய்வத்துக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பெயருக்குரிய பெண்ணை வாசலிலேயே நிறுத்தியதுதான் வரலாறு. நான் சொல்வது இவ்வளவுதான்: இந்தப் பச்சைக்குள் ஒரு கருத்த பெண்ணின் நினைவு இருக்கிறது. அந்த நினைவு படிப்படியாக மரகதமாக மாற்றப்பட்டிருக்கிறது. மரகதம் என்று சொல்லிவிட்டால் அது தோலின் நிறமாக இருக்காது, நகையாகிவிடும்.

இந்த மாற்றத்தில் அச்சகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1894இல் ரவிவர்மா பம்பாயில் ஒரு கல்லச்சகம் தொடங்கினார். அதுவரை அரண்மனைகளுக்கு எண்ணெய் வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்தவரின் லட்சுமியும் சரஸ்வதியும் மலிவு விலையில் வீடு வீடாகப் போனார்கள். ஐரோப்பிய முறையில் நிழலும் வெளிச்சமும் காட்டி, சேலையும் ரவிக்கையும் அணிந்த, வெளுத்த, நகை பூண்ட குடும்பப் பெண்ணாகத் தெய்வம் வந்தாள்.

இங்கே ஒரு தகவலைப் பக்கத்தில் வைக்க வேண்டும். ரவிவர்மா பிறந்தது 1848இல், திருவிதாங்கூரில் உள்ள கிளிமானூரில். அதே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். தோள்சீலைப் போராட்டம் பல கட்டங்களாக நடந்து, அவர்கள் மேலாடை அணியலாம் என்று அரசு பிரகடனம் வெளியிட்டது 1859இல். அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான். அப்போது ரவிவர்மா பதினொரு வயதுச் சிறுவன். எந்தப் பெண் எந்தத் துணியை எப்படி உடுத்தலாம் என்பதைச் சாதி தீர்மானித்த ஊரிலிருந்து வந்தவர், தெய்வத்துக்கு எந்த உடையைத் தேர்ந்தெடுத்தார் என்பதை வெறும் அழகியலாக மட்டும் நாம் பார்க்க முடியாது.

தமிழ்நாட்டில் அந்த வேலையைத் தொடர்ந்தவர்களில் முக்கியமானவர் கோவில்பட்டியில் இருந்த சி. கொண்டையராஜு. 1898இல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்தவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்களைச் சிவகாசி அச்சடித்து ஊருலகத்துக்கு அனுப்பியது. மீனாட்சி கல்யாணம் அவருடைய புகழ்பெற்ற படங்களில் ஒன்று. என் கையில் இருப்பது அந்த வழியில் வந்த நகலின் நகல். நாடக மேடையும் ஸ்டுடியோ புகைப்படமும் தெரிந்த கை அது. அதனால்தான் இந்தத் தெய்வங்கள் எல்லாம் திரைச்சீலைக்கு முன்னால் நின்று நம்மையே பார்க்கிறார்கள். அவருடைய திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தத் திறமை எந்த முகத்தைத் தெய்வ முகம் என்று கற்றுக்கொண்டது, நமக்கும் கற்றுக்கொடுத்தது என்பதுதான் என் கேள்வி.

இப்போது சிவகாசிக்கு வருகிறேன். இந்தப் படத்தை அச்சடித்த ஊரின் கதை, படத்தைவிட முக்கியமானது.

1897ஆம் ஆண்டு கமுதியில் நாடார்கள் சிலர் ஒரு கோயிலுக்குள் நுழைந்து வழிபட்டார்கள். எந்தக் கோயில் தெரியுமா? மீனாட்சி சுந்தரேசுவரர் கோயில். இதே மீனாட்சி. ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். நுழைந்ததால் ஏற்பட்ட தீட்டைக் கழிக்க ஆகும் செலவை அவர்கள் கட்ட வேண்டும் என்று கேட்டார். 1899இல் கீழ் நீதிமன்றத்தில் நாடார்கள் தோற்றார்கள். அதே ஆண்டு ஜூனில் சிவகாசி நாடார்களின் வீடுகள் கொளுத்தப்பட்டன, உயிர்கள் போயின. மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அங்கேயும் தோல்வி. மீனாட்சியைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு இல்லை என்று பிரிட்டிஷ் பேரரசின் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கும் லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்தபின் காலண்டர் வந்தது. மீனாட்சியின் வாசலில் தடுக்கப்பட்டவர்களின் ஊரிலிருந்து லட்சக்கணக்கான மீனாட்சிகள் புறப்பட்டுப் போனார்கள், அக்கிரகாரத்துக்கும் சேரிக்கும். பட்டர் வேண்டாம், தட்சணை வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம். மளிகைக் கடையில் மாதக் கணக்கு வைத்திருந்தால் போதும், தை பிறக்கும்போது அம்மன் வீட்டுக்கே வந்துவிடுவாள். இதை ஒரு சாதாரண வியாபாரமாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. காலண்டர் ஒருவகையில் கோயில் நுழைவுதான்.

ஆனால் பாதியைச் சொல்லி நிறுத்தக் கூடாது. கமுதி வழக்கில் நாடார்கள் முன்வைத்த வாதம் "எல்லோருக்கும் கோயில்" என்பது அல்ல. நாங்கள் சத்திரியர்கள், எங்களைத் தவறான இடத்தில் வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் வாதம். ஏணியை உடைக்கும் வாதமல்ல, ஏணியில் மேல்படி கேட்கும் வாதம். காலண்டரும் அப்படித்தான் செய்தது. அம்மனைக் கோயிலுக்கு வெளியே கொண்டுவந்தது. ஆனால் உள்ளே இருந்தவர்கள் விரும்பிய முகத்தோடு கொண்டுவந்தது.

மதுரையில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 1939 ஜூலை 8ஆம் தேதி, வைத்தியநாத ஐயர் தலைமையில், தும்பைப்பட்டிக் கக்கன் உள்ளிட்ட பட்டியல் சாதியினர் ஐந்து பேரும் நாடார் ஒருவரும் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனார்கள். அதன்பிறகு நடந்ததை யாரும் அதிகம் பேசுவதில்லை. பட்டர்களில் ஒரு பகுதியினர் பல ஆண்டுகள் கோயிலுக்குள் வர மறுத்தார்கள். மீனாட்சி கோயிலை விட்டே போய்விட்டாள் என்று சனாதனிகள் சொன்னார்கள். தமிழ்ச் சங்கம் சாலையில் ஒரு வீட்டில் அவளுக்குத் தனி வழிபாடு நடத்தினார்கள். ஆறு பேர் உள்ளே போனதும் தெய்வமே வெளியே போய்விட்டதாம்! யாருடைய மீனாட்சி அவள் என்ற கேள்விக்கு இதைவிட வெளிப்படையான பதில் வேண்டுமா?

நிறத்திலிருந்து நிற்கும் விதத்துக்கு வருகிறேன். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. திருவிளையாடல் கதைப்படி தடாதகை நெருப்பில் பிறந்தவள், பாண்டிய நாட்டை ஆண்டவள், எட்டுத் திசையும் வென்றவள். சித்திரைத் திருவிழாவில் இன்றும் முதலில் அவளுக்குத்தான் பட்டாபிஷேகம், வேப்பம்பூ மாலை, செங்கோல். அடுத்த நாள் திக்விஜயம், அதற்கடுத்த நாள் கல்யாணம். இந்த மூன்றில் காலண்டர் எதைத் தேர்ந்தெடுத்தது? மூன்றாவது நாளை. செங்கோல் இல்லை, தேர் இல்லை. மூன்று மார்போடு பிறந்தவள், கணவனைக் கண்டதும் மூன்றாவது மறைந்துபோன பிறகு நிற்கும் காட்சி. பார்வை தரையில். கை அண்ணனிடமிருந்து புருஷனிடம் போகிறது.

1916இல் கொலம்பியாவில், இருபத்தைந்து வயது அம்பேத்கர் சாதிகளின் தோற்றம் பற்றி ஒரு கட்டுரை படித்தார். சாதியின் உயிர்நாடி அகமண முறை என்றார். பெண் யாருக்குப் போகிறாள் என்பதைக் காவல் காக்காமல் சாதி ஒரு தலைமுறைகூடத் தாங்காது. இந்த அட்டையை அந்தக் கட்டுரையோடு சேர்த்துப் பாருங்கள். நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகையின் முகப்பில் கையைப் பிடித்துக் கொடுக்கும் இந்தப் படம். பிரித்தால் உள்ளே பெயர்களோடு சாதிப் பட்டம், குலதெய்வம், வகையறா. முகப்பும் உள்பக்கமும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன.

2015 ஜூனில் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் தன் தோழியோடு பேசிக்கொண்டிருந்த இடம் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயில். தெய்வமே பாதி ஆண், பாதி பெண்ணாக நிற்கும் கோயில். அங்கிருந்துதான் அந்தத் தலித் இளைஞனைக் கடத்திக்கொண்டு போய்க் கொன்றார்கள். 2022 மார்ச்சில் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதித்தது நம் மதுரை நீதிமன்றம். ஆணும் பெண்ணும் ஒரே உடலில் சேர்ந்திருப்பதை வணங்கக் கற்றுக்கொண்டவர்கள், ஒரு பையனும் பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பொறுக்கவில்லை. தெய்வ உருவத்தின் அர்த்தம் தானாக மனிதர் மேல் இறங்காது. யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது பேசும்.

இந்த இடத்தில் சில தோழர்கள் கேட்பார்கள்: "அப்படியானால் சாமியைக் கருப்பாக வரைந்துவிட்டால் சரியாகிவிடுமா?" வரைந்து பார்த்திருக்கிறார்கள். 2017 வாக்கில் சென்னையைச் சேர்ந்த நரேஷ் நில், பரத்வாஜ் சுந்தர் இருவரும் லட்சுமி, சீதை போன்ற தெய்வங்களைக் கருத்த பெண்களை வைத்துப் படமெடுத்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை. ஏழாம் வகுப்புப் பிள்ளை உள்ளுக்குள் எழுந்து உட்கார்ந்தாள். ஆனால் நிறத்தைத் திருத்துவது தொடக்கம்தான். கருத்த லட்சுமியும் விஷ்ணுவின் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தால், கருத்த மீனாட்சியும் தலைகுனிந்தே நின்றால், நமக்கு அது எவ்வளவு தூரம் போதும்?

சுவரிலிருந்து கிழித்துப் போடு என்றும் நான் சொல்லவில்லை. சொன்னால் முதல் எதிர்ப்பு என் வீட்டில் வரும். என் அம்மா இந்தப் பரவை காய்கறி மார்க்கெட்டில் வெங்காயம் தரம் பிரித்து எங்களை வளர்த்தவர். விடியற்காலை கிளம்பும்போது இந்தப் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வாசல் தாண்டுவார். பெரிய கோயிலுக்கு வருடத்தில் ஒருமுறை போனால் அதிகம். அவருக்குக் கோயில் இந்த அட்டைதான். அந்த நம்பிக்கையைக் கேலி செய்து எந்த விடுதலையும் வராது. கேள்வி கேட்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். இது யாருடைய முகம், இந்த நிறம் எதை மூடுகிறது, இதைப் பார்க்க யார் யாரைத் தடுத்தார்கள் என்று.

இந்தக் கேள்விகளை அவர்கள் சுவரை நோக்கி மட்டும் கேட்டால் நாம் நேர்மையற்றவர்கள். நம் சுவரையும் பார்ப்போம். இதே பையில் இன்னொரு படம் வைத்திருக்கிறேன். ஏப்ரல் 14க்கு நாம் அடித்த ஃபிளெக்ஸின் சிறிய பிரதி. பாபாசாகேப் நீலக் கோட்டில் இருக்கிறார். முகத்தைப் பாருங்கள், ரோஜா நிறம். கன்னத்தில் அதே மினுக்கு, அதே தாளின் வெள்ளை. பக்கத்தில் சாவித்திரிபாய். காலண்டர் லட்சுமியின் தங்கை மாதிரி இருக்கிறார். இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. டிசைன் செய்யும் தம்பி "முகம் டல்லா இருக்குக்கா" என்று வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றியிருக்கிறார். "கருப்பா இருந்தாலும் களையா இருக்கணும்" என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அந்த "இருந்தாலும்" என்ற சொல் கணினிக்குள்ளும் புகுந்துவிட்டது. மரியாதை கொடுக்க வேண்டும் என்று நினைத்ததும் நம் கை தானாக வெளுப்பை நோக்கிப் போகிறது. நூற்றுமுப்பது வருட அச்சுப் படங்கள் நம் கண்ணுக்குக் கொடுத்த பயிற்சி இது. எதிர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டே இன்னும் அந்தப் பயிற்சியில்தான் இருக்கிறோம்.

அதனால் இந்தக் கூட்டத்திடம் நான் வைக்கும் கோரிக்கை சின்னது. அடுத்த முறை ஃபிளெக்ஸ் அடிக்கும்போது யாருடைய முகத்தையும் வெளுக்காதீர்கள். பழைய புகைப்படம் மங்கலாக இருந்தால் மங்கலாகவே இருக்கட்டும். இங்கே ஓவியம் வரையும் தம்பி தங்கைகள் நான்கு பேர் இருக்கிறீர்கள். கருத்த முகத்தில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்பதை உட்கார்ந்து பார்த்து வரையுங்கள். அதற்கு மாதிரி தேடி எங்கும் போக வேண்டாம். இந்த ஊர்ப் பெயரையே தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு ஒரு பெண் பாடினார். பரவை முனியம்மா. மேடை மேடையாகக் கிராமியப் பாட்டுப் பாடி, வயதான காலத்தில், 2003இல் 'தூள்' படத்தில் தன் முகத்தோடும் குரலோடும் வந்து நின்றார். யாரும் அவருக்குப் பச்சை பூசவில்லை. 2020 மார்ச்சில் இறந்துபோனார். அவர் முகத்தை வரைந்து இந்த வாசிப்பு வட்டச் சுவரில் மாட்டுங்கள். முதலில் அந்த ஒரு படம் வரட்டும்.

கடைசியாக ஒன்று. போன மாதம் அம்மாவிடம் இந்த அட்டையைக் காட்டி, "மீனாட்சி ஏம்மா பச்சையா இருக்கு?" என்று கேட்டேன். ஆய்வாளர் கேட்கும் கேள்வி மாதிரிதான் கேட்டேன், பதிலைக் குறித்துக்கொள்ள நோட்டும் கையில் இருந்தது. அம்மா வெங்காயச் சருகைத் தட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

"பச்சையாத்தா? அவ கருப்புத்தான். எங்கம்மா சொல்லும். கருப்புன்னு போட்டா கடைக்காரன் வாங்கமாட்டான்னு பச்சையா அடிச்சிருப்பாக."

நோட்டில் அதை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்.